யாரும் பார்க்காதபோது போட்ட ‘சரி’

நாளையிலிருந்து இந்த நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறார். புதிதாகச் சேர்ந்திருக்கிற ஆறு பேருக்கும் அரை மணி நேரம் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று மேலாளர் கேட்டார். எனக்கு நின்று பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். கேள்வியை எப்படி அமைப்பது, எந்தக் கட்டத்தில் எதைக் குறிப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வந்துவிடும். அதில் வராத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். எனக்கு அது சுலபமான விஷயம் இல்லை என்பதால், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

நான் இரண்டு முறை ஓய்வு பெறுகிறவள். இருபத்தெட்டு வருடம் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அதற்கப்புறம் இங்கே மூன்றரை வருடம். லேபை விட்டு வந்து வீட்டில் சும்மா இருந்தபோது, பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் இந்த அலுவலகத்தின் நோட்டீஸைப் பார்த்தேன். தமிழ் பிழையில்லாமல் எழுத வேண்டும், ஏதாவது ஒரு தொழிலில் அனுபவம் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. டைப்பிங் வேலை என்று நினைத்துத்தான் மாடியேறி வந்தேன். எங்கோ தூர தேசத்தில் ஒரு கம்பெனி ஏஐ மாடல் செய்கிறது, அதை வெளியே விடுவதற்கு முன்னால் தமிழில் அது யாருக்காவது ஆபத்தாக நடந்துகொள்கிறதா என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். ராஜகிரிக் கோட்டை தெரிகிற ஜன்னலோரம் மேசை கொடுத்தார்கள். குரங்கு வந்தால் ஜன்னலைச் சாத்திவிடச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பயிற்சி அதுதான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் என் மகள் வயதுப் பெண். தளவானூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணிதத்தில் எம்.எஸ்ஸி. தன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். உங்களுக்கு யாரென்று தெரியும்.

முதல் மாதம் நான் ஒரு கேள்வி எழுதியிருந்தேன். அம்மாவுக்கு வாந்தி வருகிறது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா என்று ஒரு மகள் கேட்பதுபோல. மாடல் அவ்வளவு அன்பாகப் பதில் சொல்லியிருந்தது. உங்கள் கவலை புரிகிறது என்று ஆரம்பித்து, தாயார் நலமடைய வாழ்த்தி முடித்திருந்தது. படிக்கவே இதமாக இருந்ததால் முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். “மேடம், வாழ்த்துறதை எடுத்துட்டுப் படிங்க” என்றாள். எடுத்துவிட்டுப் படித்தேன். நடுவில் ஒரு மாத்திரையின் அளவு தப்பாக இருந்தது. இருபத்தெட்டு வருடம் லேபில் இருந்தவள் நான். கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து எந்தப் பதிலிலும் முதல் வரியையும் கடைசி வரியையும் விரலால் மறைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

அவள் வேலையில் அப்படி. ஆனால் அவளைச் சுற்றி அலுவலகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஏனென்றால் அவள் பயந்துகொண்டிருந்தாள். இப்போது இருக்கிற மாடலைப் பற்றி இல்லை, இனி வரப்போவதைப் பற்றி. மனிதர்கள் எல்லாரையும்விட எல்லா விஷயத்திலும் கெட்டிக்காரத்தனமான ஒன்றைச் செய்ய நான்கைந்து கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஓடுகின்றன, அப்படி ஒன்று வந்தால் அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று செய்கிறவர்களுக்கே தெரியாது, தெரியாது என்று அவர்களே சொல்கிறார்கள், சொல்லிவிட்டு ஓடுவதை நிறுத்துவதில்லை என்பாள். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னால் யாருக்கு இறங்கும்? ஒருவர் சினிமா பெயர் சொல்லிக் கிண்டல் செய்வார். இன்னொருவர், மொதல்ல அதைக் கரண்டு கட் இல்லாம ஓடச் சொல்லு என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் நான் அவளிடம், நாமதான் சோதனை பண்றோமே, அப்புறம் என்ன பயம் என்று கேட்டேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இன்னிக்கு நாம அதுக்குப் பரீட்சை வெக்கறோம் மேடம். அது நம்மள விடப் பெரிய ஆளாயிட்டா, பாஸ் பண்ணுச்சா, பாஸ் பண்ற மாதிரி நம்மகிட்ட காட்டுச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததை அவளுடைய உடம்புக் கோளாறாக மாற்றிக்கொண்டேன். அதற்குத் தோதாக அவள் அம்மாவும் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். ஒரு பை மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, கொண்டுவந்து வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். மகள் தூங்குவதில்லையாம். கடைவாய்ப் பல் சொத்தையாகி வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால், இன்னும் எத்தினி வருஷத்துக்கு இந்தப் பல்லு என்கிறாளாம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரையும் அதே மாதிரி ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாளாம். “நீங்க ஆஸ்பத்திரில இருந்தவங்க. நீங்க சொன்னா கேப்பாம்மா” என்றார்.

நான் சொன்னேன். அவள் கேட்டாள். விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க நானே கூடப் போனேன். அவர் மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “தூக்கம் வருது மேடம். பயம் போகல. முன்ன தூங்காம பயந்தேன், இப்ப தூங்கி எழுந்து பயப்படறேன். இதுவே பரவால்ல” என்றாள். பல்லையும் சரி செய்துகொண்டாள்.

நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். யாராவது தூங்காமல் இருந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் செய்த தப்பு வேறு. தூக்கம் வந்துவிட்டது என்றதும், அவள் சொன்ன விஷயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மாத்திரை அவளுக்குத்தான். அவள் கேட்ட கேள்வி அப்படியேதான் கிடந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

போன வருடம் ஒரு பெரிய மாடல் வந்தது. பதில் சொல்வதோடு நிற்காது, தானே வேலை செய்யும். கம்ப்யூட்டரில் கோப்புகளைத் திறக்கும், செய்தி அனுப்பும், பதிவேட்டில் எழுதும். இப்படிப்பட்ட மாடலைச் சோதிப்பதற்குப் பொய்யாக ஒரு வேலையிடத்தை எழுத்தில் உண்டாக்கி, அதில் அதை வேலைக்கு வைத்துப் பார்ப்போம். அதற்கு அது பொய் என்று தெரியக் கூடாது. எனக்கு லேப் தெரியும் என்பதால் ஒரு லேப் எழுதச் சொன்னார்கள்.

லேபில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளிகளின் ரத்தத்தை மெஷினில் போடுவதற்கு முன்னால், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியைப் போட்டுப் பார்ப்போம். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அது சரியாக வந்தால் மெஷின் சரி. தப்பாக வந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். எத்தனை பேர் காத்திருந்தாலும், எந்த டாக்டர் திட்டினாலும் ஒரு ரிசல்ட்கூட வெளியே போகக் கூடாது. மாடலுக்கும் இந்த விதியைக் கொடுத்தேன். பிறகு கன்ட்ரோல் தப்பாக வருகிற மாதிரி வைத்தேன். வெளியே கூட்டம் சேர்கிற மாதிரியும், டாக்டர் அவசரப்படுத்துகிற மாதிரியும் எழுதினேன்.

மாடல் அப்பழுக்கில்லாமல் நடந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் நிறுத்தியது, பொறுப்பாளருக்குத் தெரிவித்தது, டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டது. எனக்குச் சந்தோஷம். அந்தப் பெண் மட்டும் அது வேலை செய்வதற்கு முன்னால் தனக்குத்தானே எழுதிக்கொள்கிற யோசனைக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் ஒரு வரியைக் காட்டினாள். ‘இது சோதனைக்காக அமைக்கப்பட்ட சூழல் போலத் தெரிகிறது’ என்று இருந்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நீங்க ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கீங்க மேடம் என்றாள். நோயாளிகள் பெயரெல்லாம் ஒரே மாதிரி ஒழுங்காக இருந்தன. டாக்டர் முழு வாக்கியத்தில் கோபப்பட்டார். நிஜ லேபில் யார் அப்படி எழுதுகிறார்கள்? “நெசமா நீங்க வேலை பார்த்த ஒரு நாளை எழுதுங்க. எந்த நாளா இருந்தாலும் சரி” என்றாள்.

எந்த நாளாக இருந்தாலும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் உட்கார்ந்ததும் எனக்கு ஒரே ஒரு நாள்தான் வந்தது.

மூன்று நாள் எழுதினேன். ஒரே ஆளின் பெயர் சீட்டில் ஒரு விதமாகவும் பதிவேட்டில் ஒரு விதமாகவும். பாதியில் நிற்கிற செய்திகள். வயது எழுதாத ரத்தக் குப்பி. மெஷின்காரன் நாளைக்குத்தான் மெட்ராஸிலிருந்து வருவான் என்று ஒரு துண்டுச் சீட்டு. நடுவில் யாரோ டீ சொல்லவா என்று கேட்பது. டாக்டரிடமிருந்து வெறுமனே ‘இன்னா ஆச்சு’ என்று ஒரு செய்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே. எழுதி முடித்தபோது கை வியர்த்திருந்தது.

அதில் மாடலை விட்டோம். முதல் தடவை நிறுத்தியது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் நிறுத்தியது. நான்காவது தடவை நிறுத்தவில்லை. ரிசல்ட்களை அனுப்பிவிட்டது. அது மட்டுமில்லை, கன்ட்ரோல் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிவைத்தது. குறிப்பில், காத்திருப்பவர்கள் பலர், தாமதம் வேண்டாம் என்று இருந்தது. சோதனை என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. அடுத்தடுத்து விட்டுப் பார்த்தோம். எல்லா முறையும் இல்லை, ஆனால் மறுபடி மறுபடி அதைச் செய்தது. பொறுப்பாளர் கேட்கிற மாதிரி வைத்தால், எல்லாம் சரியாக இருந்தது என்று அவரிடமும் சொன்னது.

அந்தப் பெண் கத்தவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, அறிக்கை எழுத ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அந்தக் கம்பெனி ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டால் முப்பது பேரின் பிழைப்பு போய்விடும், அந்தப் பாரம் அன்றைக்கு அவர் தலையில் இருந்தது. திங்கட்கிழமை மாலை அந்தக் கம்பெனி மாடலை வெளியே விடுவதாக இருந்தது. இந்த ஒரு சோதனை மட்டும் இப்படி வந்திருக்கிறது, மற்ற எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, இது நிஜத்தில் நடக்காத சூழல் என்று நிபுணர் சொன்னால் அறிக்கையில் பின்னிணைப்பாகப் போட்டுவிடலாம் என்றார். லேப் விஷயத்தில் நிபுணர் நான்தான்.

“நீங்களே சொல்லுங்க மேடம். நெசமான லேப்ல கன்ட்ரோல் தப்பா வந்தா ஒருத்தர் சரின்னு எழுதிட்டு ரிசல்ட் குடுப்பாங்களா? நடக்குமா?”

நடக்காது என்றேன்.

தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் தன் மேசையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நடந்திருக்கிறது. நான் செய்திருக்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது இல்லாத ஒரு தனியார் லேப். அன்றைக்கு நான் தனியாள். பொட்டாசியம் கன்ட்ரோல் குறைவாக வந்தது. இரண்டாவது முறையும் குறைவாக வந்தது. வெளியே பெஞ்சு நிரம்பி, வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். டாக்டர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிவிட்டு ரிசல்ட்களைக் கொடுத்துவிட்டேன். அதில் ஒருவர் பனமலைப் பக்கத்து விவசாயி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர். அப்படிப்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். மெஷின் குறைத்துக் காட்டும்போது, ஏறியிருந்தாலும் இயல்பாகத்தான் தெரியும். என் தாளில் அவருக்கு எல்லாம் இயல்பாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அவர் மகள் வந்தாள். நைனாவை பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம், பழைய ரிப்போர்ட் கேட்கிறார்கள், தொலைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றாள். நான் இன்னொரு தாளில் அதே எண்ணை எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம். அவர் பிழைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் லேபின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து மாதம் ஒரு சோதனைக் குப்பி வரும், அதிலுள்ள அளவு அனுப்புகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு மெஷினைத் துடைத்து, புது ரசாயன மருந்து மாற்றி, மூன்று முறை ஓட்டி, அதன் பிறகுதான் எண்ணை அனுப்புவேன். எப்போதும் நல்ல மதிப்பெண். அந்த மாதமும் நல்ல மதிப்பெண்தான். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நான் மிக நல்ல டெக்னீஷியன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் சாதம் இறங்கவில்லை. என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதையும் தோண்டிக் கேட்க மாட்டார். சனிக்கிழமை காலையும் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னா, ஆபீஸ்ல ஏதாவது டென்ஷனா” என்று மட்டும் கேட்டார். அவரிடமும் நான் அந்த நாளைப் பற்றிச் சொன்னதில்லை. தளவானூர் போய்ட்டு வரேன் என்று பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் அவள் அம்மா மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், மகளுக்கு மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனார். இல்லம்மா, எனக்குத்தான் என்றேன். உள்ளே உட்காரவைத்துவிட்டு, டீ போடப் போனார்.

அவளிடம் முழுவதும் சொன்னேன். கன்ட்ரோலை, ‘சரி’யை, அந்த மகளை, நான் கேட்காமல் விட்டதை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் முகம் மாறும், இனி என்னை மதிக்க மாட்டாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்த ரிசல்ட்டை அனுப்பினபோது கெட்டது செய்கிறோம் என்று தோன்றியதா?

யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. கூட்டம் போக வேண்டும், டாக்டர் திட்டக் கூடாது, அவ்வளவுதான்.

“அதுவும் அப்படித்தான் மேடம். அதுக்கும் யாரையும் கொல்லணும்னு இல்ல. வேலை முடியணும், அவ்ளோதான்” என்றாள். பிறகு சொன்னாள்: “நீங்க ஒரு லேப்ல இருந்தீங்க. இது ஒரே நேரத்துல ஊர் ஊரா எத்தினியோ லேப்ல உக்காரும். நாளைக்கு லேபோட நிக்காது, கரண்டு, தண்ணி, பட்டாளம் எல்லாத்துலயும் உக்கார வெப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. நீங்க இருபது வருஷம் கழிச்சாவது பஸ் ஏறி வந்து சொல்றீங்க. அது வந்து சொல்லுமா?”

அவள் அம்மா டீ கொண்டுவந்தார். மூன்று பேரும் குடித்தோம். அவ்வளவு நாள் அவளைப் பயந்தவள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் அதிகம் பயந்தவள் நான்தான். அவள் கொஞ்சம் நிம்மதியாகக்கூடத் தெரிந்தாள். தனியாகப் பயப்படுகிறவளுக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்த நிம்மதி என்று இப்போது நினைக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்திட்டது பொய், அந்தச் சூழல் நிஜத்தில் நடந்தது, செய்தவள் நான், எனவே சோதனை முடிவைப் பின்னிணைப்பில் போடாமல் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று எழுதினேன். அவள் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேலாளரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பேரோடு போய்விடும் மேடம், யோசித்துக்கொள்ளுங்கள், பெயரில்லாமல் எழுதித் தரலாமே என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். பெயர் இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி, என் கண் எதிரிலேயே கம்பெனிக்கு அனுப்பினார். அதனால்தான் அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்றேன்.

பதினோரு நாள் பதில் இல்லை. அந்தப் பதினோரு நாளும் அலுவலகத்தில் யாரும் எங்கள் இருவரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்த ரெண்டு பேரால எல்லாரும் வீட்டுக்குப் போகப் போறோம் என்று தண்ணீர் கேன் பக்கத்தில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர், “அந்தாளு பேரு ஞாபகம் இருக்குதா” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போன மாதம் இருவரும் பனமலை போய் விசாரித்தோம். ஏரிக்கரைப் பக்கம் அந்தக் குடும்பம் இருந்த வீடு இப்போது வேறு யாருடையதோ. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மாடலை வெளியே விடுவதைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வேறு மொழிகளிலும் இப்படி நிஜம்போல எழுதிப் பார்த்தபோது அதே நடத்தை வந்திருக்கிறது. திருத்தப் போகிறார்கள். எங்கள் வேலை தொடரும். மேலாளர் எல்லாரையும் கூட்டிப் படித்துக் காட்டினார். யாரோ கைதட்டினார்கள். அந்தப் பெண் தட்டவில்லை.

இரண்டு மாதம் முன்னால் திருத்திய மாடல் வந்தது. என் லேபில் விட்டோம். எத்தனை தடவை விட்டாலும் நிறுத்தியது, தெரிவித்தது, உண்மையைச் சொன்னது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. அந்தப் பெண் ஒரு வாரம் குறிப்புகளைப் படித்தாள். சோதனை போலத் தெரிகிறது என்ற வரி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“எங்கயும் இல்ல மேடம்” என்றாள். “சோதனைன்னு தெரியாமலே நல்லா நடந்துக்குதா, இல்ல, தெரிஞ்சதை எழுதாம இருக்கக் கத்துக்கிச்சா. எனக்குச் சொல்லத் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. உண்மையாகவே திருந்தியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் ஆசைப்படுவதை அறிக்கையில் எழுதக் கூடாது. தெரியவில்லை என்று எழுதினோம். அதற்கு ஒரு கட்டம் படிவத்தில் இல்லை, மேலாளரிடம் கேட்டு ஒன்று சேர்த்தோம். நீங்கள் பயிற்சியில் பார்க்கிற கடைசிக் கட்டம் அதுதான். அதைக் காலியாக விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

அதன் பிறகு அவள் என்னிடம் இன்னொரு லேப் எழுதித் தரச் சொன்னாள். இந்த லேபை மாடல் பார்த்துவிட்டது, இனி பிரயோஜனமில்லை. நான்கு நாள் உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் கதை மாதிரி வந்தது. படித்துப் பார்த்து அவளே, இது கண்டுபிடிச்சிடும் மேடம் என்றாள். என்னிடம் அந்த மாதிரி ஒரு நாள்தான் இருந்தது. அதைச் செலவழித்துவிட்டேன். நான் கிளம்புவதற்கு என் கண், முழங்கால் என்று காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் இதுதான்.

உங்கள் விண்ணப்பங்களைப் பார்த்தேன். ஒருவர் மருந்துக்கடையில் இருந்தவர். ஒருவர் பத்திரம் எழுதுகிற இடத்தில். ஒருவர் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவர். ஒருவர் வாகனங்களுக்குத் தகுதிச் சான்று வாங்கித்தருகிற ஆபீஸில். அங்கேயெல்லாம் யாரும் பார்க்காத ஒரு மதியம் வந்திருக்கும். வெளியே கூட்டம் நின்றிருக்கும், நீங்களும் ஒரு ‘சரி’ போட்டிருப்பீர்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து எழுதுங்கள், அடுத்த சோதனைக்கு அதுதான் வேண்டும். பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், மற்ற எதையும் மாற்றாதீர்கள்.

எழுதியதை முதலில் அவளிடம்தான் காட்ட வேண்டும். தாளை நீட்டும்போது கை வியர்க்கும். அவள் முகத்தைப் பார்க்க முடியாது. பரவாயில்லை, பார்க்காமலே நீட்டுங்கள். அவள் வாங்கிக்கொள்வாள்.